தகர டப்பா விறகடுப்பு

தகர டப்பா விறகடுப்பு என்பது வீடுகளில் பயன்படுத்தியபின் எஞ்சும் உலோகக் கொள்கலன்களை வெட்டியும் துளையிட்டும் செய்யப்படும், கையில் எடுத்துச் செல்லத்தக்க சிறிய அடுப்பு ஆகும். பால்மாவு டப்பா, ரசகுல்லா டின், 15 கிலோ எண்ணெய் டின், பழைய இரும்பு வாளி முதலியன இதற்குப் பயன்படுகின்றன. சுள்ளி, சிரட்டை, மரச்சிம்பு, மரத்தூள் ஆகியவை எரிபொருளாகின்றன. மலையேறுவோரும் முகாமிடுவோரும் குழுவாகச் சுற்றுலா செல்வோரும் இவ்வடுப்பைப் பயன்படுத்துகின்றனர். புயல், வெள்ளம் போன்ற பேரிடர்களின்போது எரிவளி உருளை கிடைக்காத வீடுகளிலும் இது உதவுகிறது.

இவ்வடுப்பு எவ்வளவு நன்றாக எரியும் என்பதை டப்பாவின் தரத்தைவிடக் காற்று செல்லும் வழியும் எரிபொருளின் உலர்வுமே முடிவு செய்கின்றன. அதே வேளை, இதனை எங்கே மூட்டுகிறோம் என்பது உயிர்ப்பாதுகாப்பும் சட்டமும் சார்ந்த கேள்வியாகும். தென்காசி, குற்றாலம் பகுதி இவ்விரண்டையும் தெளிவாகக் காட்டும் இடமாகும். இங்குச் சாரல் காலத்தில் விறகு ஈரமாகிப் புகைகிறது. கோடையிலோ மலைச்சரிவின் காய்ந்த புல் ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும் நிலையில் இருக்கிறது.

வரலாறு

மூன்று கற்களை வைத்து நடுவில் விறகு எரிப்பதே மிகப் பழைய அடுப்பு முறை. தமிழ்நாட்டில் மண்ணடுப்பு, கொடியடுப்பு ஆகியவற்றோடு, தூக்கிச் செல்லத்தக்க குமுட்டி அடுப்பும் நெடுங்காலமாக வழக்கில் இருந்து வந்துள்ளது. இரும்பு வாளியின் உட்புறம் களிமண் பூசி, நடுவில் இரும்புக் கம்பித் தட்டு பொருத்திச் செய்யப்படும் கரியடுப்பு இதன் நெருங்கிய உறவு. நடுக்குழாயில் நெருப்பும் சுற்றிலும் நீரும் கொண்ட செம்பு வெந்நீர் பாய்லரும் புகைபோக்கி இழுப்பின் தத்துவத்திலேயே இயங்குகிறது. அயர்லாந்தில் வழங்கும் கெல்லி கெண்டி இதே அமைப்பின் சிறிய வடிவம் ஆகும்.

தகரக் கொள்கலன்கள் பெருமளவில் புழக்கத்துக்கு வந்தபின் அவை அடுப்பாகவும் மாறின. மண்ணெண்ணெய் 4 கேலன், அதாவது ஏறத்தாழ 18 லிட்டர் கொள்ளும் சதுரத் தகர டின்களில் விற்கப்பட்டது. காலியான டின்கள் தண்ணீர் சுமக்கவும் தானியம் சேமிக்கவும் அடுப்பு செய்யவும் பயன்பட்டன. 1930களின் பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் ஐக்கிய அமெரிக்காவில் வேலை தேடிச் சரக்குத் தொடர்வண்டிகளில் அலைந்தவர்கள் உணவு டின்களில் துளையிட்டுச் சமைத்தனர். அவர்களைக் குறிக்கும் சொல்லால் அவ்வடுப்பு இன்றும் 'ஹோபோ அடுப்பு' எனப்படுகிறது. இரண்டாம் உலகப் போரின்போது வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் இருந்த பிரித்தானியப் படையினர், 4 கேலன் பெட்ரோல் டின்னை வெட்டி மணல் நிரப்பிப் பெட்ரோல் ஊற்றித் தேநீர் காய்ச்சினர். இது 'பெங்காசி அடுப்பு' எனப்பட்டது. விறகின்றி எரிந்த இம்முறை ஆபத்தானது. இன்று பின்பற்றத் தக்கதன்று.

இந்தியாவில் புகை குறைந்த அடுப்புகளுக்கான முயற்சி விடுதலைக் காலத்தை ஒட்டியே தொடங்கியது. தஞ்சாவூரில் பிறந்த பொருளியலாளர் ஜே. சி. குமரப்பா (1892–1960) வழிநடத்திய அகில இந்தியக் கிராமத் தொழில்கள் சங்கத்தின் வார்தா மையத்தில் 'மகன் சூலா' என்னும் அடுப்பு உருவானது. நடுவண் அரசு 1983 முதல் 2002 வரை மேம்படுத்தப்பட்ட அடுப்புகளுக்கான தேசியத் திட்டத்தை நடத்தியது. 1980களில் ஐக்கிய அமெரிக்காவின் லாரி வினியார்ஸ்கி 'ராக்கெட் அடுப்பு' அமைப்பை வகுத்தார். 1985 இல் தாமஸ் ரீட் மேலிருந்து கீழ்நோக்கி எரியும் மரவளி அடுப்பின் ஆய்வைத் தொடங்கினார். நார்வேயைச் சேர்ந்த பால் வெண்டல்போவும் இதே கருத்தைத் தனியாக வந்தடைந்தார். இன்று வீட்டிலேயே செய்யப்படும் டப்பா அடுப்புகள் பெரும்பாலும் இவ்விரு அமைப்புகளின் எளிய வடிவங்களே ஆகும்.

எரிதலின் அடிப்படை

விறகு நேரடியாக எரிவதில்லை. சூடேறும்போது முதலில் அதிலுள்ள நீர் ஆவியாகிறது. ஏறத்தாழ 200 முதல் 500 பாகை செல்சியசு வரையிலான வெப்பத்தில் மரம் சிதைந்து எரிவளிமங்களை வெளியிடுகிறது. உலர்ந்த விறகின் எடையில் நான்கில் மூன்று பங்குக்கும் சற்று மேற்பட்ட பகுதி இவ்வாறு வளிமமாக வெளியேறி, எஞ்சியது கரியாகிறது. நாம் காணும் சுடர் இவ்வளிமங்கள் எரிவதால் உண்டாவது. போதிய வெப்பமோ காற்றோ கிடைக்காதபோது எரியாமல் வெளியேறும் வளிமமே புகை. எனவே புகை என்பது வீணாகும் எரிபொருள் ஆகும்.

ஒரு கிலோ உலர்ந்த விறகு முழுமையாக எரிய ஏறத்தாழ 6 கிலோ காற்று, அதாவது 5 கன மீட்டர் காற்று தேவைப்படுகிறது. டப்பா அடுப்பில் காற்று இரு நிலைகளில் வழங்கப்படுகிறது.

முதற்காற்று: அடியிலிருந்து எரிபொருளின் ஊடாகச் செல்வது. விறகைச் சூடாக்கி வளிமமாக்கத் துணைபுரிகிறது.

இரண்டாங்காற்று: மேற்பகுதியில் சுடர் எழும் இடத்தில் நுழைவது. வளிமங்களை எரித்துப் புகையைக் குறைக்கிறது.

இரட்டைச் சுவர் கொண்ட அடுப்பில், இரண்டாங்காற்று இரு டப்பாக்களுக்கு இடைப்பட்ட வெளியில் மேலேறும்போதே சூடாகிவிடுகிறது. இதனால் சுடர் குளிர்வதில்லை.

வகைகள்

ஒற்றை டப்பா அடுப்பு

மிக எளிய வகை. ஒரு பெரிய டப்பாவின் கீழ்ப்புறத்தில் விறகு நுழைக்கும் வாயிலும், எதிர்ப்புறத்தின் மேல் விளிம்பருகே சில துளைகளும் வெட்டப்படுகின்றன. கால் மணி நேரத்தில் செய்துவிடலாம். புகை மிகுதி. ஆயினும் காற்றைத் தடுப்பதால் திறந்தவெளி நெருப்பைவிடக் குறைந்த விறகே செலவாகும்.

இரட்டைச் சுவர் மரவளி அடுப்பு

சிறிய டப்பா ஒன்று பெரிய டப்பாவுக்குள் பொருத்தப்படுகிறது. எரிபொருளை நிரப்பி மேற்பக்கத்தில் தீ வைக்க வேண்டும். தீ மெல்லக் கீழிறங்க, வெளிவரும் வளிமம் மேலே எரிகிறது. நன்கு எரியும்போது புகை ஏறக்குறையத் தெரியாது.

ராக்கெட் அடுப்பு

எண்ணெய் டின்னுக்குள் முழங்கை வடிவில் இரு சிறு டின்கள் இணைக்கப்பட்டு, சுற்றிலும் சாம்பல் போன்ற வெப்பக் காப்புப் பொருள் நிரப்பப்படுகிறது. படுக்கைக் குழாயில் ஒரு தகரத் தட்டு வைத்து, மேலே விறகும் கீழே காற்றும் செல்ல வழி செய்யப்படுகிறது. எடை மிகுந்தது என்பதால் வண்டியில் கொண்டு செல்ல ஏற்றது. நீளமான சுள்ளிகளைத் தொடர்ந்து தள்ளி நெடுநேரம் சமைக்கலாம்.

மரத்தூள் அடுப்பு

தமிழ்நாட்டில் நன்கு அறிமுகமான வகை. வாளி அல்லது டின்னின் பக்கவாட்டில் அடியில் ஒரு துளை இடப்படுகிறது. அத்துளை வழியே ஒரு குச்சியும் நடுவில் நிமிர்ந்து ஒரு புட்டியும் வைத்து, சுற்றிலும் மரத்தூளை இறுக்கமாக இடித்து நிரப்புவர். பின் புட்டியையும் குச்சியையும் மெல்ல உருவினால் காற்று செல்லும் வழி உருவாகும். கீழ்த்துளையில் தீ மூட்டினால் உட்சுவர் சீராக எரியும். தூள் தளர்வாக இருந்தால் சரிந்து தீயை அணைத்துவிடும்.

இரட்டைச் சுவர் அடுப்பின் செய்முறை

கீழ்க்காணும் அளவுகள் ஓர் எடுத்துக்காட்டு ஆகும். கிடைக்கும் டப்பாக்களுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

தேவையான பொருள்கள்: ஏறத்தாழ 13 செ.மீ. விட்டமும் 15 செ.மீ. உயரத்துக்குக் குறையாத அளவும் உள்ள, மூடியுடன் கூடிய பால்மாவு டப்பா; ஏறத்தாழ 10 செ.மீ. விட்டமும் 12 செ.மீ. உயரமும் உள்ள ரசகுல்லா டின், பாத்திரத் தாங்கிக்கு இன்னொரு சிறு டப்பா, துளையிடும் கருவி அல்லது ஆணியும் சுத்தியலும், தகரம் வெட்டும் கத்தரி, அரம், தோல் கையுறை.

1. உள் டப்பாவின் அடித்தட்டில் 5 மி.மீ. விட்டத்தில் 25 துளைகள் இடவேண்டும். இவை முதற்காற்றுக்கானவை.

2. அதன் மேல் விளிம்பிலிருந்து 2 செ.மீ. கீழே, சுற்றிலும் 6 மி.மீ. விட்டத்தில் 16 துளைகள் இடவேண்டும். இவை இரண்டாங்காற்றுக்கானவை.

3. வெளி டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்து, மேலே வந்த அடித்தட்டில் உள் டப்பா நுழையும் அளவுக்கு வட்டமாக வெட்டவேண்டும். உள் டப்பாவின் தடித்த விளிம்பு அவ்வட்டத்தில் தங்கி நிற்கவேண்டும். வட்டம் பெரிதாகிவிட்டால் உள் டப்பா நழுவி விழும்.

4. வெளி டப்பாவின் பக்கவாட்டில், இப்போது கீழே உள்ள முனையருகே, 12 மி.மீ. விட்டத்தில் 12 துளைகள் இடவேண்டும். மூடி கீழ்ப்புறம் சாம்பல் தட்டாக அமையும்.

5. உள் டப்பாவைச் செருகியபின் அதன் அடிக்கும் மூடிக்கும் இடையே 2 முதல் 3 செ.மீ. இடைவெளி இருக்கவேண்டும்.

6. மூன்றாவது டப்பாவை 4 செ.மீ. உயர வளையமாக வெட்டி, பக்கவாட்டில் அகன்ற திறப்புகள் விட்டுப் பாத்திரத் தாங்கியாக்கலாம். பாத்திரம் அடுப்பின் வாயை அடைத்தால் சுடர் அணைந்து புகை எழும்.

7. வெட்டிய விளிம்புகள் அனைத்தையும் அரத்தால் தேய்த்து மழுக்கவேண்டும்.

துளைகளின் பரப்பளவில் ஒரு விதியைப் பின்பற்றவேண்டும். வெளித் துளைகளின் மொத்தப் பரப்பு, உள் துளைகள் அனைத்தின் பரப்பைவிடக் கூடுதலாக இருக்கவேண்டும். மேற்கண்ட அளவுகளில் வெளித் துளைகள் சுமார் 13.6 சதுர செ.மீ., அடித்துளைகள் 4.9 சதுர செ.மீ., மேல்துளைகள் 4.5 சதுர செ.மீ. ஆகும். வெளித் துளைகள் குறைந்தால் உள்ளே எத்தனை துளைகள் இட்டாலும் பயனில்லை.

புதிய அடுப்பை முதன்முறை உணவின்றி, திறந்த வெளியில் ஒருமுறை முழுமையாக எரித்துவிட வேண்டும். டின்னின் உட்பூச்சும் வெளி வண்ணமும் அப்போது எரிந்து போகும். அப்புகையை மூச்சில் இழுக்கக்கூடாது.

எரிபொருளும் அளவும்

காற்றில் உலர்ந்த விறகில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 15 மெகாசூல் ஆற்றல் உண்டு. 25 பாகை வெப்பமுள்ள ஒரு லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 0.31 மெகாசூல் தேவை. அடுப்பின் திறன் 20 விழுக்காடு எனக் கொண்டால், இதற்கு ஏறக்குறைய 105 கிராம் விறகு போதும். மேலே கூறிய உள் டப்பாவில் சுமார் 250 கிராம் மரச்சிம்பு கொள்ளும். எனவே ஒருமுறை நிரப்பினால் இரண்டு லிட்டர் நீரைக் கொதிக்கவைக்கலாம்.

ஈரம் இக்கணக்கை மாற்றிவிடும். எடையில் 15 விழுக்காடு நீருள்ள விறகோடு ஒப்பிட, 40 விழுக்காடு நீருள்ள விறகு ஒரு கிலோவுக்கு மூன்றில் இரண்டு பங்கு ஆற்றலையே தருகிறது. அதனினும் முக்கியமாக, நீராவி சுடரின் வெப்பத்தைக் குறைப்பதால் வளிமங்கள் எரியாமல் புகையாக வெளியேறுகின்றன. வெளித்தோற்றத்தில் காய்ந்ததாகத் தெரியும் சுள்ளியை ஒடிக்கும்போது 'சடக்'கென ஒலித்து முறிந்தால் அது எரிக்க ஏற்றது. வளைந்து நார்விட்டால் ஏற்றதன்று.

தென்காசி மாவட்டச் சமவெளியில் எளிதில் கிடைக்கும் எரிபொருள்கள் வருமாறு.

சிரட்டை: வெப்பம் மிகுதி. சிறு துண்டுகளாக உடைத்து இடவேண்டும்.

பன்னாடை, பனையோலை, தேங்காய் நார்: தீ மூட்டுவதற்கு மட்டும் ஏற்றவை.

உடை, சீமைக் கருவேலம்: அடர்ந்த விறகு. நெடுநேரம் கனலும்.

மரத்தூள், மரச்சிம்பு: மர அறுவை ஆலைகளில் கிடைப்பவை.

அரளிச் சுள்ளிகளை எரிக்கக்கூடாது. அதன் எல்லாப் பகுதிகளும் நச்சுடையவை, புகையும் தீங்கானது. வண்ணம் பூசிய பலகை, ஒட்டுப்பலகை, நெகிழி ஆகியவையும் தவிர்க்கப்படவேண்டும்.

தென்காசி, குற்றாலம் பகுதியில் பயன்பாடு

தென்காசியிலிருந்து ஏறத்தாழ 5 கி.மீ. தொலைவில், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் குற்றாலம் அமைந்துள்ளது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழையின் சாரல் இங்கு வீசுகிறது. பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றால அருவி, புலியருவி, சிற்றருவி ஆகியவற்றில் நீராடப் பெருந்திரளானோர் வருகின்றனர். வேன்களில் குழுவாக வருவோர் பாத்திரங்களும் மளிகைப் பொருள்களும் கொண்டுவந்து, வண்டி நிறுத்துமிடங்களின் அருகே சமைத்து உண்பது நெடுநாள் வழக்கம் ஆகும். அருவியில் குளித்தபின் எடுக்கும் பசிக்குச் சூடான உணவு வேண்டியிருப்பதே இதற்குக் காரணம்.

இங்குச் சாரல் காலத்தில் டப்பா அடுப்புக்கு இரு இடையூறுகள் உள்ளன. முதலாவது ஈரம். அருவிப் பகுதியில் பொறுக்கும் சுள்ளி அக்காலத்தில் எரியாது. ஆகவே வீட்டில் உலர்த்திய சிரட்டையையும் மரச்சிம்பையும் காற்றுப்புகாத டப்பாவில் அடைத்துக் கொண்டுவருவதே பயனுள்ளது. ஒருவேளை சமையலுக்கு ஒரு கிலோவுக்கும் குறைவான எரிபொருள் போதும் என்பதால் இது சுமையாவதில்லை. இரண்டாவது காற்று. ஆரியங்காவுக் கணவாய் வழியாக வீசும் பருவக்காற்று இப்பகுதியில் வலுவானது. அடுப்பைச் சுற்றிப் பாதியளவு தகரத் தடுப்பு வைத்தால் சுடர் சாயாது. ஆனால் அடுப்பை முழுவதும் மூடிவிட்டால் கீழ்த்துளைகளுக்குக் காற்று செல்லாது.

பாதுகாப்பு

கார்பன் மோனாக்சைடு

மழை வலுக்கும்போது அடுப்பை வண்டிக்குள்ளோ, கூடாரத்துக்குள்ளோ, விடுதி அறைக்குள்ளோ கொண்டுசெல்லும் எண்ணம் எழுவது இயல்பு. இதுவே உயிர்க்கு மிகப்பெரும் ஆபத்து ஆகும். அரைகுறையாக எரியும் விறகும் கரியும் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வளிமத்தை வெளியிடுகின்றன. இதற்கு நிறமோ மணமோ இல்லை. சுடர் அணைந்து புகையின்றிக் கனலும் கரியிலிருந்து இது மிகுதியாக வெளிவருகிறது. எனவே 'புகை இல்லை, உள்ளே வைக்கலாம்' என்பது தவறான முடிவு. தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல் தோன்றினால் உடனே திறந்த வெளிக்கு வந்து, 108 அவசர ஊர்தியை அழைக்கவேண்டும். குளிர் காய்வதற்காகக் கனலை உள்ளே வைத்துக்கொண்டு உறங்கக்கூடாது.

கொள்கலன் தேர்வு

துத்தநாகம் பூசிய வாளியைத் தீயறையாகப் பயன்படுத்தக்கூடாது. துத்தநாகம் ஏறத்தாழ 420 பாகையில் உருகி, 907 பாகையில் கொதிக்கும். அதன் ஆவி 'உலோகப் புகைக் காய்ச்சல்' என்னும் நோயை உண்டாக்கும். அலுமினியம் 660 பாகையில் உருகுவதால் அதுவும் தீயறைக்கு ஏற்றதன்று. பூச்சிக்கொல்லி, தின்னர், பெட்ரோல் இருந்த டின்களைத் தொடவே கூடாது. நறுமணத் தெளிப்பான் போன்ற அழுத்தக் குப்பிகளும் மூடி திறவாத டின்களும் தீயில் வெடிக்கும்.

இடத் தேர்வு

அடுப்பின் அடி மிகுந்த சூடாகும் என்பதால் கல் அல்லது மண் தரையிலேயே வைக்கவேண்டும். சுற்றிலும் காய்ந்த இலைகளை அகற்றி, அருகில் ஒரு வாளி நீர் வைத்திருப்பது நல்லது. எரியும் அடுப்பில் மண்ணெண்ணெய் ஊற்றக்கூடாது. ஓடைப் படுகையில் தங்கவோ சமைக்கவோ கூடாது. மலைமேல் பெய்யும் மழை அடிவாரத்தில் தெரியாமலே வெள்ளமாக இறங்கும். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென வந்த வெள்ளத்தில் ஒரு சிறுவன் உயிரிழந்தான்.

தொடர்வண்டியில்

தென்காசி, செங்கோட்டைக்குத் தொடர்வண்டியில் வருவோர் பெட்டிக்குள் எவ்வகை அடுப்பையும் மூட்டக்கூடாது. தீப்பற்றும் பொருள்களைக் கொண்டு செல்வதும் 1989 ஆம் ஆண்டின் இரயில்வே சட்டப்படி குற்றம். 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நிறுத்திவைக்கப்பட்டிருந்த சுற்றுலாப் பெட்டி ஒன்றில், விதிகளை மீறிக் கொண்டுவரப்பட்ட எரிவளி உருளையால் தீப்பற்றி 9 பேர் இறந்தனர்.

காடும் சட்டமும்

குற்றாலத்துக்கு மேலுள்ள செண்பகாதேவி அருவி, தேனருவி முதலியவை காட்டுப் பகுதியில் உள்ளன. வனத்துறையின் இசைவின்றி அங்குச் செல்ல இயலாது. 1882 ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டம் காப்புக்காடுகளில் தீ மூட்டுவதைக் கட்டுப்படுத்துகிறது. 1972 ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் 30 ஆம் பிரிவு, சரணாலயத்துக்கு ஆபத்து நேரும் வகையில் அதனுள் தீ மூட்டுவதையும் எரியும் தீயை விட்டுச் செல்வதையும் தடை செய்கிறது. டப்பாவுக்குள் எரிவதால் அது 'தீ மூட்டல்' ஆகாது என்று வாதிட இயலாது. காட்டில் விறகு பொறுக்குவதற்கும் தனியே இசைவு வேண்டும்.

சட்டத்தின் தேவையைத் தேனி மாவட்டம் குரங்கணியின் நிகழ்வு உணர்த்துகிறது. 2018 மார்ச் 11 அன்று அங்கு மலையேறிய குழுவினர் காட்டுத்தீயில் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். காய்ந்த புல் மண்டிய சரிவில் தீ மனிதர் ஓடும் வேகத்தைவிட விரைந்து மேலேறும். அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்கான விதிகளை வகுத்தது. பிப்ரவரி முதல் மே வரையிலான காலத்தில் தென்காசி மாவட்ட மலைச்சரிவுகளும் இதே நிலையில் இருக்கக்கூடும்.

எனவே இவ்வடுப்புக்கு ஏற்ற இடங்கள் வீட்டு முற்றம், உரிமையாளரின் இசைவு பெற்ற தோட்டம், சமைக்க அனுமதியுள்ள பொது இடம் ஆகியவையே ஆகும். சமைத்தபின் கனலின்மேல் நீர் ஊற்றி, கிளறி, மீண்டும் நீர் ஊற்றி, கையால் தொடுமளவு குளிர்ந்த பின்னரே சாம்பலைக் கொட்டவேண்டும்.

குறைகள்

உணவு டின்னின் தகரம் மெல்லியது. வெப்பத்தாலும் துருவாலும் உள் டப்பா விரைவில் ஓட்டையாகும். ஆனால் வேறொரு டப்பாவை இலவசமாகவே பொருத்தலாம். மரவளி அடுப்பில் இடையில் எரிபொருள் சேர்த்தால் புகை எழும். சுடரைக் கூட்டவோ குறைக்கவோ எளிய வழியில்லை. பாத்திரத்தில் கரி பிடிக்கும். சமைப்பதற்கு முன் பாத்திரத்தின் வெளிப்புறத்தில் சாம்பலைக் குழைத்துப் பூசினால் கழுவுவது எளிது.

இவ்வடுப்பு அன்றாட வீட்டுச் சமையலுக்கு மாற்று அன்று. வீடுகளில் திட எரிபொருள், மண்ணெண்ணெய் ஆகியவற்றை எரிப்பதால் எழும் காற்று மாசு 2020 இல் உலகில் ஏறத்தாழ 32 லட்சம் இறப்புகளுக்குக் காரணமானதாக உலக சுகாதார அமைப்பு மதிப்பிட்டுள்ளது. திறந்த வெளியில் எப்போதாவது ஒருவேளை சமைப்பதற்கும், எரிவளி இல்லாத நெருக்கடி நாள்களுக்குமே இது பொருத்தமானது.

இவற்றையும் பார்க்க

குமுட்டி அடுப்பு
மரத்தூள் அடுப்பு
ராக்கெட் அடுப்பு
கார்பன் மோனாக்சைடு நச்சேற்றம்
குற்றாலம்
காட்டுத்தீ